அப்டேட் போட்ட மறுநாள் பச்சைக் கோடு: யார் பொறுப்பு, என்ன செய்யலாம்

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். 2022 கடைசியில் 38,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபோன். சனிக்கிழமை இரவு அப்டேட் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். ஞாயிறு காலை எடுத்துப் பார்த்தால் திரையின் வலப்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. சர்வீஸ் சென்டரில் வாரண்டி முடிந்துவிட்டது, டிஸ்பிளே மாற்ற 13,800 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கால் சென்டரில் "சாஃப்ட்வேரால் கோடு வராது சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அப்டேட்தானே காரணம், நான் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறார்.

நான் பன்னிரண்டு வருடமாக ஃபோன் போர்டு, அதாவது உள்ளே சிப்புகள் இருக்கும் மெயின் பலகை, ரிப்பேர் வேலை செய்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் ஒரு கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் இருந்தேன், அதனால் கவுன்டருக்கு இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் அப்புறம், முதலில் பேக்கப் எடுங்கள். இன்றைக்கே. ஒரு கோடு வந்த பேனலில், அதாவது ஒளிரும் திரைத் தகட்டில், இரண்டாவது கோடு வர நாள் பிடிக்காது, சிலருக்கு ஒரு வாரத்தில் பாதித் திரை வெள்ளையாகி அப்படியே போய்விடும். திரை போன ஃபோனில் பாஸ்வேர்டு போடுவது பெரும் கஷ்டம், பாஸ்வேர்டு போடாமல் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. சேமிப்புச் சிப்பைக் கழற்றிப் படித்தாலும் அது மறையாக்கம் செய்யப்பட்ட குப்பையாகத்தான் வரும், திறக்கும் சாவி பிராசசருக்குள் இருக்கிறது. படங்கள், வாட்ஸ்அப், பேங்க் ஓடிபி வரும் செயலிகள், எல்லாவற்றையும் இன்னொரு ஃபோனுக்கு மாற்றி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

சரி. அப்டேட்தான் காரணமா என்பதை நீங்களே இரண்டு நிமிடத்தில் சோதிக்கலாம். கோடு தெரியும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது ஃபோன் வரைந்து முடித்த படம், பேனலுக்குப் போவதற்கு முன்பே சேமிக்கப்படுவது. அதில் கோடு இல்லை என்றால் படம் ஒழுங்காகத்தான் வரையப்படுகிறது, கெட்டது அதற்குப் பிறகு எங்கோ. அடுத்து ஃபோனை அணைத்து ஆன் செய்யுங்கள். கம்பெனி லோகோ வருகிற அந்த முதல் சில விநாடிகளில் ஆண்ட்ராய்டு இன்னும் ஏறியிருக்காது, அப்போதே கோடு நின்றால் அது பேனலில் இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டும் இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். நான் பார்த்த பச்சைக் கோடு எதுவும் ஸ்கிரீன்ஷாட்டில் விழுந்ததில்லை.

ஏன் கோடு, அதுவும் ஏன் பச்சை? அமோலெட் பேனலில், அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகைத் திரையில், ஒவ்வொரு நெடுவரிசைப் புள்ளிகளுக்கும் ஒரு டேட்டா கம்பி மேலிருந்து கீழே ஓடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தக் கம்பிகள் கீழ் விளிம்பில் ஒன்றாக நெருங்கி வந்து திரையை இயக்கும் டிரைவர் சிப்போடு சேர்கின்றன. அந்த இணைப்பு சாலிடர் கிடையாது. நுண்ணிய கடத்தும் துகள்கள் கலந்த ஒரு படலத்தை இடையில் வைத்துச் சூடாக்கி அழுத்தி ஒட்டுவார்கள், நாங்கள் பாண்டிங் என்போம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சீப்புப் பற்கள் போல வரிசையாக இருக்கும். முடியை விட மெல்லிய அந்தப் பற்களில் ஒன்று பிடிப்பு விட்டாலோ, விளிம்பு வழியே ஈரம் ஏறி அரித்தாலோ அந்த ஒரு நெடுவரிசை கட்டுப்பாட்டை இழந்து முழு வெளிச்சத்தில் நிற்கும். நம் ஃபோன்களில் இருக்கும் பெரும்பாலான அமோலெட் பேனல்களில் பச்சைப் புள்ளிகளுக்குத் தனிக் கம்பி, சிவப்பும் நீலமும் மாறி மாறி ஒரே கம்பியில் வரும். அதனால் பச்சைக் கம்பி போனால் பளிச்சென்ற பச்சைக் கோடு, மற்றது போனால் ரோஸ் நிறக் கோடு. ரோஸ் கோடும் நிறைய வருகிறது, பச்சை கண்ணை உறுத்துவதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அப்படியென்றால் அப்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அப்டேட் இறங்கும்போது ஃபோன் பல ஜிபியைப் பிரித்து எழுதுகிறது, முடிந்து ஆன் ஆன பிறகு எல்லாச் செயலிகளையும் புது சிஸ்டத்துக்கு ஏற்றபடி பின்னணியில் மறுபடி தயார் செய்கிறது, கேலரியைத் திரும்ப வரிசைப்படுத்துகிறது. இதெல்லாம் பல மணி நேரம் ஓடும். பெரும்பாலோர் அதைத் தலையணைப் பக்கத்தில் பவுச்சோடு சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். சூட்டில் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரியும், ஏற்கெனவே பலவீனமாக இருந்த பல் அப்போது விடுகிறது. நல்ல பேனல் அந்தச் சூட்டைத் தாங்கும், தாங்கும்படிதான் செய்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் பைக் ஹேண்டில்பாரில் மேப் பார்த்துக்கொண்டு போவதை விட அப்டேட் சூடு ஒன்றும் பெரிதல்ல.

இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். மாதம் ஒரு செக்யூரிட்டி அப்டேட் வருகிற ஃபோனில், எந்த நாளில் எது கெட்டாலும் அது முந்தைய அப்டேட்டில் இருந்து மூன்று நாளுக்குள் விழப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, பத்து நாளுக்குள் விழ மூன்றில் ஒன்று. லட்சக்கணக்கில் விற்ற மாடலில் தானாகவே கெட்டுப்போகும் ஃபோன்களில் பத்தில் ஒன்று "அப்டேட் போட்டதும் போயிடுச்சு" என்றுதான் கவுன்டருக்கு வரும். அந்தப் பத்தில் ஒருவர் பொய் சொல்லவில்லை, அவர் பார்த்தது உண்மை. கம்பெனிக்கு அதுவே வசதியாகிவிடுகிறது. நீங்கள் அப்டேட்டைக் குற்றம் சொன்னதும் அவர்கள் சாஃப்ட்வேரால் கோடு வராது என்று ஒரே வரியில் மறுத்துவிட்டு, பேனல் ஏன் மூன்று வருடத்தில் போனது என்ற கேள்விக்கே வராமல் தப்பிக்கிறார்கள்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: அப்டேட்டோடு மல்லுக்கட்டாதீர்கள், பேனலைப் பிடியுங்கள். கீழே விழாத, தண்ணீர் படாத ஃபோனில் தானாகக் கோடு விழுந்தால் அது தயாரிப்புக் குறை. அப்டேட் இரவில் அது வெளிப்பட்டதா, வேறொரு நாளில் வெளிப்பட்டதா என்பது குறை யாருடையது என்பதை மாற்றாது.

இது என் கருத்து மட்டுமல்ல, கம்பெனிகளே இந்தியாவில் இதை ஒப்புக்கொண்ட மாதிரிதான் நடந்திருக்கின்றன. ஒன்பிளஸ் 8, 9 வரிசை ஃபோன்களில் கோடு வந்து புகார் குவிந்த பிறகு 2023இல் அந்தக் கம்பெனி பாதிக்கப்பட்டவர்களுக்குத் திரைக்கு வாழ்நாள் வாரண்டி என்று இந்தியாவில் அறிவித்தது. அப்புறம் ஒன்பிளஸ் 13 வரும் சமயத்தில் பச்சைக் கோட்டுக்கு என்றே தனித் திட்டம் அறிவித்து, ஈரம் புகாதபடி பேனல் விளிம்பின் ஒட்டலைப் பலப்படுத்தியிருப்பதாகவும் சொன்னார்கள். விளிம்பைப் பலப்படுத்துகிறோம் என்றால் முன்பு பலம் போதவில்லை என்றுதானே அர்த்தம். சாம்சங்கும் 2024இல் எஸ்20, எஸ்21 போன்ற மாடல்களுக்கு, வாங்கி மூன்று வருடத்துக்குள் இருந்தால் ஒரு முறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது, அதற்கு ஒரு கடைசித் தேதியும் வைத்தது. இரண்டு இடத்திலும் சாதாரண வாரண்டி முடிந்துபோன ஃபோன்களுக்குத்தான் இது. வாரண்டி முடிந்தால் எதுவும் செய்ய முடியாது என்று கவுன்டரில் சொல்வது சட்டமல்ல, அவர்கள் வைத்திருக்கும் வழக்கம். ஆட்கள் தொடர்ந்து எழுத்தில் புகார் செய்த இடங்களில் அந்த வழக்கம் மாறியிருக்கிறது.

கடைக்காரர்களும் இதில் அலுத்துப்போனார்கள். 2024 ஏப்ரலில் தென்னிந்திய மொபைல் கடைகளின் சங்கம், பூர்விகா, சங்கீதா போன்ற பெரிய கடைகள் இருக்கும் சங்கம், மே 1 முதல் ஒன்பிளஸ் விற்கமாட்டோம் என்று கடிதம் எழுதியது. லாபம் குறைவு என்பது ஒரு காரணம், வாரண்டி கிளெய்ம்கள் இழுத்தடிக்கப்படுகின்றன என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விற்றவர்களுக்கே அந்த நிலைமை.

அதனால் உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது திட்டம் ஓடுகிறதா என்று முதலில் கேளுங்கள். சர்வீஸ் சென்டர் சுவரில் ஒட்டியிருக்க மாட்டார்கள், நீங்கள் கேட்காமல் சொல்லவும் மாட்டார்கள், உங்கள் ஃபோனின் தனி அடையாளமான ஐஎம்இஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் அவர்கள் சிஸ்டத்தில் வரும். "லைன் இஷ்யூவுக்குத் திட்டம் இருக்கிறதா, என் ஐஎம்இஐ போட்டுப் பாருங்கள்" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

அப்டேட்டே நேரடியாக ஃபோனைக் கொன்ற சம்பவங்கள் வேறு, அவையும் நிறைய உண்டு. அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அங்கே வாதமே வேறு. 2020 டிசம்பர் கடைசி, 2021 புத்தாண்டு சமயம் ஷாவ்மி மி ஏ3க்கு ஆண்ட்ராய்டு 11 வந்தது. போட்டு ரீஸ்டார்ட் ஆனதும் ஃபோன் பிணம், எந்தப் பட்டனுக்கும் அசையாது. ஷாவ்மி அப்டேட்டை நிறுத்தி, வாரண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இலவசமாகச் சரி செய்து தருவதாக அறிவித்தது. 2024 அக்டோபரில் சாம்சங் எஸ்10, நோட்10 ஃபோன்கள் லோகோவிலேயே சுற்றிக்கொண்டு நின்றன. அதற்குக் காரணம் சிஸ்டம் அப்டேட்கூட இல்லை, ஸ்மார்ட்திங்ஸ் ஃபிரேம்வொர்க் என்ற பின்னணிச் செயலி தானாக அப்டேட் ஆனது. யாரும் எதையும் தொடவில்லை. பலர் உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துத்தான் ஃபோனை மீட்டார்கள். 2025 ஜனவரியில் கூகுள் பிக்சல் 4ஏக்கு ஓர் அப்டேட் அனுப்பியது, போட்ட சில ஃபோன்களில் பேட்டரி பாதி நேரம்கூட நிற்கவில்லை. அது பிழையல்ல, பேட்டரிப் பாதுகாப்புக்காகத் தெரிந்தே குறைத்தது. இலவச பேட்டரி, அல்லது 50 டாலர் பணம், அல்லது புது பிக்சலுக்கு 100 டாலர் தள்ளுபடி என்று ஈடும் அறிவித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னோடி ஆப்பிள் விவகாரம். 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 பழைய பேட்டரி இருக்கும் ஐஃபோன் 6, 6எஸ் வேகத்தைக் குறைத்தது, குளிரிலும் பாரம் ஏறும்போதும் ஃபோன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க. காரணம் நியாயமானதுதான், ஆனால் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை. ஒருவர் பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியதைக் கவனித்து எழுதினார், ஃபோன் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியைச் செய்தவர் ஆயிரக்கணக்கான அளவுகளை வரைபடமாகப் போட்டுக் காட்டினார், டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் விலை 79 டாலரில் இருந்து 29 டாலராக இறங்கியது, 2020இல் 50 கோடி டாலர் வரை சமரசத் தொகை, பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம். இத்தாலி 2018இலேயே இதற்கு ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும், நோட்4க்கு அனுப்பிய அப்டேட்டுக்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது.

ஆஸ்திரேலிய வழக்கு இன்னும் எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது எங்களைப் போன்ற வெளிக்கடைகளைப் பற்றியது. வெளியில் ஹோம் பட்டன் அல்லது திரை மாற்றிய ஐஃபோன்களில் புது ஐஓஎஸ் போட்டதும் எரர் 53 என்று காட்டி ஃபோன் செத்தது. வெளியில் ரிப்பேர் செய்தாய், உனக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஆப்பிள் திருப்பி அனுப்பியது. வெளியில் திரை மாற்றியதாலேயே வாங்கியவரின் உரிமை போய்விடாது என்று அங்குள்ள நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட, 2018இல் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது.

லோகோவிலேயே சுற்றுகிற ஃபோன் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்குச் சுருக்கமாக. பல ஆண்ட்ராய்டு ஃபோன்களைக் கட்டாயமாக ரீஸ்டார்ட் செய்ய, பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து இருபது விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். சேஃப் மோடில், அதாவது நீங்கள் போட்ட செயலிகள் ஓடாத நிலையில், ஏறினால் ஏதோ ஒரு செயலிதான் குற்றவாளி. ஐஃபோன் என்றால் கம்ப்யூட்டரில் இணைத்து ரெகவரி என்ற மீட்பு நிலையில் போட்டதும் இரண்டு தேர்வு வரும், அதில் அப்டேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பது போகாது, ரீஸ்டோர் என்றால் எல்லாம் அழியும். இந்த ஒரு தட்டலில் படங்களை இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் "பழைய வெர்ஷனுக்கு இறக்கித் தருகிறேன்" என்றால் யோசியுங்கள், இப்போது பல ஃபோன்களில் பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியாதபடி சிப்பிலேயே ஒரு எண் பூட்டப்படுகிறது, அதை மீறினால் சுற்றிக்கொண்டிருந்த ஃபோன் முழுதாகச் சாகும். சாஃப்ட்வேர் ஏற்றியும் சரியாகாமல் திரும்பத் திரும்பச் சுற்றினால் அது போர்டு. எல்ஜி ஜி4 இப்படிச் சுற்றியபோது முதலில் எல்லோரும் சாஃப்ட்வேர் என்றுதான் நினைத்தார்கள், 2016 ஜனவரியில் எல்ஜியே பாகங்களுக்கு இடையே இணைப்புத் தளர்ந்ததுதான் காரணம் என்று சொன்னது.

இப்போது சர்வீஸ் சென்டருக்கு வருவோம், இதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இலவசமாக மாற்றித் தரும் அதிகாரம் இல்லை. அவரைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு மாதச் சம்பளமே பதினைந்தாயிரத்தைத் தொடுவது கஷ்டம். அவர் உங்கள் புகாரை சிஸ்டத்தில் ஏற்றும்போது காரணத்துக்கு ஒரு பட்டியல் வரும், அதில் ஒன்றைத் தட்ட வேண்டும். "வாரண்டிக்கு வெளியே, வாடிக்கையாளர் எஸ்டிமேட் ஏற்கவில்லை" என்று தட்டினால் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்தது, கம்பெனியின் கணக்கில் உங்கள் கோடு ஒரு கோடாகவே பதிவாகாது. விதிவிலக்கு கேட்டு மேலே அனுப்ப வேண்டுமானால் படம் எடுத்து ஏற்றி, காரணம் எழுதி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். நீங்கள் கேட்காவிட்டால் அது நடக்காது.

அதனால் ஜாப் ஷீட், அதாவது ஃபோனையும் புகாரையும் பதிவு செய்து அவர்கள் தரும் சீட்டு, இல்லாமல் வெளியே வராதீர்கள். வாய்வார்த்தையாக எஸ்டிமேட் கேட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் மறுபடி போங்கள். போவதற்கு முன் ஃபோனின் ஆறு பக்கமும் வீடியோ எடுங்கள், சிம் ட்ரேயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்து எடுங்கள். பல மாடல்களில் அங்கே ஒரு குட்டி வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும், அது சிவப்பானால் தண்ணீர்ச் சேதம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். கொடுக்கும்போது அது வெள்ளையாக இருந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி இருக்க வேண்டும். ஜாப் ஷீட்டில் நீங்கள் சொன்ன புகார் நீங்கள் சொன்னபடியே இருக்கிறதா என்று நின்று படியுங்கள். "பிசிகல் டேமேஜ்", "லிக்விட்", "டிஸ்பிளே பிரோக்கன்" என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். "விழுந்த அடையாளம் இல்லை, ஈர அடையாளம் இல்லை, திரையில் நேர்கோடு" என்று எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டையும் தேதியோடு பிரிண்ட் வாங்குங்கள்.

இதை நான் என் அக்காவின் ஃபோனில் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2021இல், வாங்கி பதினாலு மாதம் ஆன ஃபோன், ராத்திரி அப்டேட் போட்டு விடிந்தால் லோகோவில் சுற்றுகிறது. நான் ஊரில் இல்லை, அக்காவே சர்வீஸ் சென்டருக்குப் போனாள். போர்டு மாற்ற 11,200 ரூபாய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் நான் கூடப் போய், அப்டேட் முடிந்த பிறகு ஆன் ஆகவில்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொன்னேன். சிஸ்டத்தில் அப்படி ஒரு காரணமே கிடையாது என்றார் அந்தப் பையன், திரையைத் திருப்பியும் காட்டினார், உண்மையிலேயே இல்லை. சரி, குறிப்பு என்று இருக்கும் இடத்தில் கையால் எழுதி முத்திரை போடுங்கள் என்றேன். மேனேஜரிடம் போய்க் கேட்டு வந்து, நீல மையில் ஒரு வரி எழுதி, வட்ட முத்திரையை அதன் மேலேயே குத்திக் கொடுத்தார். அந்த ஒரு வரியைப் படம் எடுத்து இணைத்து மூன்று மெயில் போனது. இருபத்தாறாவது நாள் போர்டு இலவசமாக மாறி வந்தது. ஆனால் பழைய போர்டோடு அவள் மகன் பிறந்து ஒரு வயது வரைக்குமான படங்கள் போய்விட்டன, அதை அந்தக் கம்பெனியால் திருப்பித் தர முடியாது. பேக்கப்பை மேலே முதலில் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

ஜாப் ஷீட் கையில் வந்ததும் கம்பெனியின் வாடிக்கையாளர் மெயிலுக்கு எழுதுங்கள். சாட்டில் பேசாதீர்கள், பேசினால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள், 2020 இ-காமர்ஸ் விதிகள்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பதினைந்து நாளில் சரியான பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போடுங்கள், தமிழிலேயே பேசலாம். அது கோர்ட் இல்லை, கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது, ஆனால் புகார் கம்பெனியின் வேறொரு மேசைக்குப் போகும். கால் சென்டரில் கிடைக்காத விதிவிலக்கு அந்த மேசையில் கிடைத்ததை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் மூன்று விஷயம் உங்களுக்குச் சாதகம்: கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2025இல் இருந்து நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளில் இருந்து இரண்டு வருடம் அவகாசம், அதனால்தான் ஜாப் ஷீட்டின் தேதி முக்கியம். கஷ்டமான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடிந்த பொருளில் தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும், எதிர்த்தரப்பு வக்கீல் நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பார். சட்டத்தில் மூன்று மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்று இருந்தாலும் நடைமுறையில் இழுக்கும். உங்கள் மாடலுக்கோ அதன் பக்கத்து மாடலுக்கோ கம்பெனியே இலவசத் திட்டம் அறிவித்திருந்தால் அந்த அறிவிப்பை இணையுங்கள், அது கிட்டத்தட்ட அவர்களின் வாக்குமூலம். அதோடு விழாத, நனையாத ஃபோன் என்று அவர்கள் கையாலேயே எழுதிய ஜாப் ஷீட்டும் இருந்தால் உங்கள் வழக்குக்கு நல்ல பலம்.

அதுவரைக்கும் ஃபோனை என்ன செய்வது? கோட்டோடு ஓட்டலாம் என்றால் ஓட்டுங்கள், வெளிக்கடையில் பிரிக்காதீர்கள், பிரித்ததால்தான் கோடு வந்தது என்பார்கள், வாதமே போச்சு. எல்லா வழியும் அடைபட்ட பிறகு வெளியில் மாற்றுவதென்றால் எந்த டிஸ்பிளே என்று கேட்டுப் போடுங்கள். காப்பி காம்போ, அதாவது கம்பெனியுடையது அல்லாத கண்ணாடியும் டிஸ்பிளேயும் சேர்ந்த செட், பாதி விலையில் கிடைக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் அமோலெட்டுக்குப் பதில் எல்சிடி என்ற பழைய வகைத் திரை இருக்கும், திரைக்கு அடியில் விரல்ரேகை வைக்கும் ஃபோன் என்றால் அது வேலை செய்யாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். லேசர் மெஷினில் கோட்டை எரித்து எடுக்கிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். சில சமயம் போகும், சில சமயம் பச்சைக் கோடு கறுப்புக் கோடாக மாறும், சில சமயம் மாதம் கழித்துப் பக்கத்தில் புதுக் கோடு வரும். நான் அதை யாருக்கும் செய்வதில்லை.

இனிமேல் அப்டேட்டே போடமாட்டேன் என்று சிலர் முடிவெடுக்கிறார்கள், அது வேண்டாம். யூபிஐயும் பேங்கும் இருக்கிற ஃபோனில் செக்யூரிட்டி அப்டேட்டை விடுவது பெரிய ஆபத்து. வந்த அன்றே போடாமல் பத்து நாள் பொறுத்து, அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பகலில் போடுங்கள், பவுச்சைக் கழற்றி ஃபேனுக்குக் கீழே மேசையில் வைத்துப் போடுங்கள், சார்ஜை முதலிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் ஃபோன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட்டும் ஏழு வருடம் உதிரிப் பாகமும் தர வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நம் ஊரில் அப்படி ஒன்று வரும்வரை நம் கையில் இருப்பது காகிதம்தான்.

மெயிலுக்கு என்ன எழுதுவது என்று திணறுவீர்கள், இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "இத்தனாம் தேதி காலை என் ஃபோன் திரையில் செங்குத்தாக ஒரு கோடு தோன்றியது. ஃபோன் கீழே விழவில்லை, ஈரம் படவில்லை, எங்கும் பிரிக்கப்படவில்லை. உங்கள் சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட்டும் படங்களும் பில்லும் இணைத்துள்ளேன். ஸ்கிரீன்ஷாட்டில் கோடு இல்லை, லோகோ வரும்போதே கோடு தெரிகிறது, எனவே இது பேனலின் தயாரிப்புக் குறை. கட்டணமின்றித் திரையை மாற்றித் தருமாறு கேட்கிறேன். மறுப்பதானால் என்ன காரணத்தால் மறுக்கிறீர்கள் என்பதைப் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." அப்டேட் என்ற சொல்லே அதில் இல்லை, கவனித்தீர்களா. அவர்கள் கேட்டால் மட்டும் சனிக்கிழமை இரவு போட்டேன் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.